பிறக்காத பிள்ளையின் சம்மதம்

(இராமநாதபுரத்தில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனிதனின் மரபணுவை மாற்றலாமா கூடாதா என்ற பேச்சு வந்தாலே, அது அமெரிக்காவிலும் சீனாவிலும் நடக்கிற விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டுகிறேன். நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஐந்து ஆண்களின் ரத்தத்தில், அவர்கள் பிறந்தபோது இல்லாத ஒரு மரபணு இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஐவருக்கும் வயது 22 முதல் 41 வரை. ஐவருக்கும் கடுமையான ஹீமோபிலியா. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவரது குழுவினரும் செய்த இந்தச் சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. மருத்துவ உலகில் அதைவிடப் பெரிய மேடை அதிகம் இல்லை. ஆனால் நம் ஊர் டீக்கடையில் ஒருவர்கூட இதைப் பேசி நான் கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஹீமோபிலியா என்றால் ரத்தம் உறையாமை. ரத்தம் உறைவதற்கு உடலில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றில் எட்டாவது எண் கொண்ட 'ஃபேக்டர் 8' சரியாக உருவாகாவிட்டால் வருவது ஹீமோபிலியா ஏ. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கும். கையை அறுத்துக்கொண்டால் ரத்தம் நிற்காது என்று மட்டும்தான் பலரும் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் பெரிய துன்பம் வெளியே தெரிவதில்லை. ஓடி விளையாடினால் போதும், முழங்கால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கும். மூட்டு தேங்காய் போல வீங்கும். சில ஆண்டுகளில் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, இருபது வயதில் அறுபது வயதுக்காரரின் மூட்டு வந்துவிடும்.

நான் விலங்கியல் ஆசிரியராக இருந்தவன். முதலாண்டு மாணவர்களுக்கு ரத்த வகை கண்டுபிடிக்கும் செய்முறை வகுப்பு உண்டு. ஆளுக்கொரு கண்ணாடித் தகடு, ஒரு லான்செட் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட். விரல் நுனியில் குத்தி மூன்று சொட்டு எடுத்து, ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி சேர்த்துக் கலக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் ஒரு பையன் ஊசியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பயப்படுகிறான் என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் போய்க் கேட்டபோது, "எனக்குக் குத்தினா நிக்காது சார்" என்று மெதுவாகச் சொன்னான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். இடது முழங்கால் முழுதாக நீளவில்லை. அந்தக் காலை மடக்கியபடியே தினமும் பஸ் படியேறி வந்திருக்கிறான்.

பிறகு ஒரு நாள் அவன் தாயார் கல்லூரிக்கு வந்தார். மகனின் நோயைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "எங்க மாமியார் வீட்ல எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க சார். ஒன் பொறந்த வீட்டு ரத்தம்தான் இப்பிடின்னு" என்றார். ஒரு தாளில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை வரைந்து காட்டினேன். ஃபேக்டர் 8-க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆகவே தாய் வழியாக வருவது உண்மை. ஆனால் இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே நோய் இருந்திருக்காது. புதிதாகவே பிழை ஏற்பட்டிருக்கும். எப்படி வந்திருந்தாலும் அதில் யார் குற்றமும் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் அந்தத் தாளைத் தன்னிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மரபணு அறிவு ஒரு வீட்டுக்குள் என்ன வேலை செய்யும் என்பதை எனக்குக் காட்டியது அந்தத் தாள்தான்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். இது எளிய சாதனை இல்லை. பல மாநிலங்களில் இன்றைக்கும் நோயாளிகள் இதற்குத் தவிக்கிறார்கள். ஆனால் ஊசியின் பலன் சில நாள்தான். வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேலூரில் செய்தது வேறு வகை. நோயாளியின் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். தீங்கு செய்யும் பகுதி நீக்கப்பட்ட ஒரு வைரஸின் மூலம், ஃபேக்டர் 8-ஐ உருவாக்கும் மரபணுவை அந்த அணுக்களுக்குள் செலுத்தினார்கள். எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கடுமையான மருந்துகளைக் கொடுத்து, பிறகு மாற்றிய அணுக்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். ஐந்து பேரில் மூவருக்கு மேம்படுத்திய முறையைப் பயன்படுத்தினார்கள். அந்த மூவரில் இருவருக்கு ஃபேக்டர் அளவு இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கடுமையான ஹீமோபிலியாவில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஐவரில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படவில்லை.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. வைரஸ் தன் சரக்கைக் குரோமோசோமில் எந்த இடத்தில் செருகும் என்பது முழுக்க நம் கட்டுப்பாட்டில் இல்லை. தவறான இடத்தில் செருகினால் ரத்தப் புற்றுநோய் வரலாம். வேறு நோய்களுக்கான இத்தகைய சிகிச்சைகளில் வெளிநாடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த ஐவரும் வயது வந்தவர்கள். வலி என்ன என்று தெரிந்தவர்கள். ஆபத்தைக் கேட்டு, யோசித்து, கையெழுத்துப் போட்டவர்கள். இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களுடைய ரத்த அணுக்கள் மாறியிருக்கின்றன; விந்தணு மாறவில்லை. நாளை அவர்களுக்கு மகள் பிறந்தால் அவள் அந்தப் பழைய பிழையைத் தாங்கியே பிறப்பாள். மாற்றம் அவரவர் உடலோடு நின்றுவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்த எல்லாமே இந்த ஓரிடத்தைச் சுற்றித்தான்.

கேட்கிற மனிதனின் உடலில், அவனோடு நின்றுவிடுகிற மாற்றத்தை நான் இரு கைகளாலும் வரவேற்கிறேன். அது வேலூரோடு நின்றுவிடக் கூடாது என்று அரசிடம் உரக்கக் கேட்க வேண்டும் என்கிறேன். 2021-இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்காக 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஸோல்கென்ஸ்மா என்ற அந்த ஊசியும் மரபணு சிகிச்சைதான். யார் யாரோ முகம் தெரியாதவர்கள் நூறும் இருநூறுமாக அனுப்பினார்கள். மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. நம் மக்களின் ஈரத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆனால் ஊடகத்தில் படம் வராத குழந்தைக்கு யார் அனுப்புவார்கள்? உயிர் பிழைப்பது விளம்பரத்தைப் பொறுத்தது என்ற நிலை அறம் ஆகாது.

விலை குறையாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐஐடி பம்பாயில் வளர்ந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் வெள்ளை அணுக்களையே எடுத்து, மரபணுவை மாற்றி, புற்றணுக்களைத் தேடிக் கொல்லும்படி திருப்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆவதை இங்கே அதில் ஒரு சிறு பங்குக்குச் செய்கிறார்கள். அரிவாள் அணு ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1952-இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதற்கு கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் செய்யும் காஸ்ஜெவி சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. அடுத்த மாதம் அமெரிக்கா. அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நீலகிரியில் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்தத் தொகை என்ன பொருள் தரும்? டெல்லியில் உள்ள ஐஜிஐபி ஆய்வு நிறுவனம் இதே நோய்க்குச் சொந்தமாக ஒரு கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கி, பிர்சா முண்டாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறது. பழங்குடித் தலைவரின் பெயர் வைத்த மருந்து பழங்குடி மக்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. இனிமேல் சொல்வதில்தான் மனம் பாரமாகிறது.

2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணு மாற்றிய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். தந்தைக்கு எச்ஐவி தொற்று. குழந்தைகளுக்கு அது வராமல் இருக்க, சிசிஆர்5 என்ற மரபணுவைக் கருவில் வெட்டினேன் என்றார். எச்ஐவி உள்ள தந்தைக்குத் தொற்றில்லாத குழந்தை பிறக்க அப்போதே எளிய, பாதுகாப்பான வழி இருந்தது. விந்தணுவைக் கழுவிப் பிரித்தாலே போதும். அந்தக் குழந்தைகளுக்குத் தீர்க்க வேண்டிய நோயே இருக்கவில்லை. வெட்டும் சரியாக விழவில்லை. எல்லா அணுக்களிலும் ஒரே மாதிரி மாற்றம் நிகழவில்லை. சிசிஆர்5 இல்லாவிட்டால் வெஸ்ட் நைல் என்ற இன்னொரு வைரஸ் கடுமையாகத் தாக்கும் என்பதும் தெரிந்ததே. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண்களுடைய மாற்றம் அவர்கள் உடலை விட்டு என்றைக்கும் வெளியே வராது. அவர்கள் தாயானால் பிள்ளைக்கும் போகலாம்.

பிள்ளை வரம் கேட்டு ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு நாகப் பிரதிஷ்டை செய்கிற தம்பதியின் முகம் நமக்குத் தெரியும். ஏர்வாடி தர்காவில் கையேந்தி நிற்கிற தாயையும் தெரியும். நல்ல பிள்ளை வேண்டும் என்ற அந்த ஆசையை யாரும் இழிவாகப் பேசக் கூடாது. நோயில்லாத பிள்ளை வேண்டும் என்று கேட்பவரிடம், விதி என்று இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இந்தக் கேள்வியை மிகக் கடினமான இடத்தில் வைத்தே பார்க்க விரும்புகிறேன். அந்தக் கடினமான இடம் நம் மதுரையில் இருக்கிறது.

இதயத் தசை சுருங்கி விரிவதற்கு உதவும் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவின் பெயர் எம்ஒய்பிபிசி3. இதில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு பிழை தெற்காசிய மக்களிடம் பரவலாக இருக்கிறது என்று 2009-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதை முன்னின்று செய்தவர்களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் உண்டு. நம் மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இந்தப் பிழை இருக்கிறது என்றார்கள். இந்த அரங்கிலேயே சிலர் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம், நானாகவும் இருக்கலாம். இளமையில் ஒன்றும் தெரியாது. நடு வயதைத் தாண்டிய பிறகு இதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளை பெற்று வளர்த்த பிறகே தொல்லை தொடங்குவதால், இயற்கை அதைக் களையெடுக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது.

2017-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஷௌக்ரத் மிதாலிபோவ் என்பவரின் குழு மனிதக் கருவில் கிரிஸ்பர் கொண்டு திருத்திப் பார்த்தது. திருத்தியது எந்த மரபணுவை? இதே எம்ஒய்பிபிசி3-ஐத்தான். அங்கே பிழை வேறு, மரபணு அதுவே. 58 கருக்களில் 42-இல் பிழை இல்லை என்று அறிவித்தார்கள். மற்ற ஆய்வாளர்கள் உடனே சந்தேகம் கிளப்பினார்கள். பிழை திருந்தியதா, இல்லை பிழை இருந்த துண்டே காணாமல் போய்விட்டதால் அப்படித் தெரிந்ததா என்று கேட்டார்கள். வெட்டிய இடத்தில் குரோமோசோமின் பெரும் பகுதியே தொலைந்துபோவதை 2020-இல் வேறு ஆய்வுகள் மனிதக் கருக்களில் காட்டின. அந்தக் கருக்கள் எதுவும் கருப்பையில் வைக்கப்படவில்லை.

இப்போது கேளுங்கள். கருவி நாளைக்கே பிசகில்லாமல் வேலை செய்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு நான்கு பேரிடமிருந்து அந்த 25 எழுத்துப் பிழையைச் சந்ததியோடு துடைத்துவிடலாம். செய்யலாமா?

இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பிழையைச் சுமக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பலர் எண்பது வயது வரை நன்றாக இருந்து போகிறார்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தால், உருவாகும் கருக்களில் பாதியில் அது இயல்பாகவே இருக்காது. சோதனைக்குழாய் முறையில் பிள்ளை பெறுவோர், பிழை இல்லாத கருவைப் பார்த்து எடுக்க முடியும், வெட்டவே தேவையில்லை. கடுமையான மரபு நோய்களில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கருவை வெட்டித் திருத்துவதைத் தவிர வேறு வழியே இல்லாத தம்பதிகள் உலகிலேயே மிகச் சிலர். நம் நூற்றுக்கு நான்கு பேருக்கோ ஒரு எக்கோ பரிசோதனை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, உப்பைக் குறைத்தல், காலத்தே மாத்திரை ஆகியவை இன்றைக்கே நிறைய செய்யும். கருவைத் திருத்துவதைப் பற்றிய ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எக்கோ கருவி வைப்பதில் இருந்தால், இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

பிழை என்று நாம் பெயர் வைத்ததெல்லாம் முழுப் பிழையா என்பதும் நமக்குத் தெரியாது. அரிவாள் அணு மரபணு இரண்டு பிரதி இருந்தால் கொடுமை. ஒன்று இருந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து காப்பாற்றும். மலேரியா நெடுங்காலம் குடியிருந்த கரை நம் ராமேஸ்வரம் கரை. நம் முன்னோர் உடலில் அந்தக் காய்ச்சல் எதையெதை எழுதிவிட்டுப் போயிருக்கிறது என்பதை யாரும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

உயிருள்ள ஒன்றை வெளியே விட்டபின் திருப்பி அழைக்க முடியாது என்பதை இந்தக் கரை கண்ணால் பார்த்திருக்கிறது. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பாசி. மண்டபம் ஊரில் ஆய்வு செய்து, 2000-க்குப் பிறகு பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கக் கொடுத்தார்கள். மீனவப் பெண்களுக்குக் கையில் காசு வந்தது, குழந்தைகள் படித்தார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இங்கே தானாகப் பரவாது என்ற நம்பிக்கை இருந்தது. 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப் பாறைகளின் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடிக் கிடப்பதை எழுதினார்கள். அதன்பின் ஆள் இறங்கிக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். மீண்டும் முளைக்கிறது. விட்டவர்கள் கெட்டவர்களும் இல்லை, முட்டாள்களும் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். பாசியையாவது முக்குளித்துப் பிய்க்கலாம். பேரப்பிள்ளைகளின் உடலில் எழுதியதை யார் போய்ப் பிய்ப்பது?

ஆய்வகத்தைவிட எனக்கு அதிகமாகக் கவலை தருவது கல்யாணச் சந்தை. திருத்தும் உரிமையைக் கையில் கொடுத்தால் நாம் முதலில் எதைத் திருத்தச் சொல்வோம்? ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களைப் படியுங்கள், விடை இருக்கிறது. 2005-இல் சீப்ரா மீனில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். எஸ்எல்சி24ஏ5 என்று பெயர். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் மனிதத் தோலின் நிறம் வெளுக்கிறது. நம் நாட்டு மக்களின் நிற வேறுபாட்டில் கணிசமான பங்கு இந்த ஓர் எழுத்தால் வருவது என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. உயரத்தை எடுத்துக்கொண்டால், அது மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அறிவு இன்னும் சிக்கல். அவற்றை யாராலும் திருத்திக் கொடுக்க முடியாது. நிறமோ ஓர் எழுத்துக்குள் இருக்கிறது. ஆகவே கருவைத் திருத்தும் கடை திறந்தால் முதல் வரிசை இதயத்துக்காக நிற்காது, சிவப்பு நிறத்துக்காக நிற்கும். பங்குனி வெயிலில் பாம்பனில் வலை இழுப்பவரின் தோலைக் காக்கிற கருமையைப் பிழை என்று பட்டியலில் சேர்ப்பார்கள்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஸ்கேன் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் நலம் பார்க்க வந்த கருவி அது. அதை வைத்து நாம் என்ன செய்தோம்? ஆணா பெண்ணா என்று கேட்டோம். பெண் என்றால் அழித்தோம். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய அளவுக்குப் பெண் குழந்தைகளை வேண்டாம் என்ற சமூகம் இது. 1994-இல் சட்டம் போட்டு, 2003-இல் அதை இன்னும் இறுக்கி, இன்றைக்கும் ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் வாசலிலும் 'பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது' என்று பலகை மாட்ட வேண்டியிருக்கிறது. பார்க்க மட்டும் முடிகிற கருவியை வைத்தே இவ்வளவு செய்தோம்.

குறையுள்ளவர் என்று ஒருவரை முடிவு செய்துவிட்டால் இந்தச் சமூகம் அவரை எப்படி வைத்திருக்கும் என்பதற்கும் நாம் வெளியே போய்ச் சான்று தேட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. நம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டது அவர்களுடைய குடும்பமே. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை முற்றாகத் தடை செய்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'குறையில்லாத மனிதர்களை உருவாக்குவோம்' என்று யார் சொன்னாலும், குறை என்று எதைச் சொல்கிறீர்கள், அதை முடிவு செய்வது யார் என்று கேட்காமல் நான் விடமாட்டேன். 1933-இல் ஜெர்மனியில் 'பரம்பரை நோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம்' என்ற பெயரில் கட்டாயக் கருத்தடைக்கு வழி செய்தபோது அதற்கும் மருத்துவர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, நிம்ஸ் மருத்துவமனையில் போலியோவால் கால் சூம்பிய குழந்தைகளைப் பார்த்தார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத் தாங்கியை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்குப் பயன்பட்ட இலேசான பொருளால் சுமார் 300 கிராமில் தாங்கி செய்து கொடுத்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள். தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அறிவியல் துன்பப்படுகிற பிள்ளையின் பக்கம் குனிகிற முறை அது. மரபணு சிகிச்சையிடமும் எனக்கு அதே எதிர்பார்ப்புதான்.

அப்படியானால் சந்ததியைத் தொடும் மாற்றம் என்றைக்குமே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. பிரிட்டனில் மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள தாய்மாரின் கருமுட்டையிலுள்ள உட்கருவை, வேறொரு பெண்ணின் நலமான கருமுட்டைக்கு மாற்றும் முறைக்கு 2015-இல் நாடாளுமன்றமே விவாதித்து அனுமதி கொடுத்தது. பல ஆண்டுகள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்தாண்டு கழித்து, 2025 ஜூலையில், எட்டுக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன என்று அறிவித்தார்கள். அந்தப் பொறுமையை மதிக்கிறேன். நம் நாட்டில் ஐசிஎம்ஆர் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் 2017, 2019 வழிகாட்டு நெறிகள் சந்ததிக்குப் போகும் மரபணு மாற்றத்தைத் தடுக்கின்றன. அவை நெறிகள்தான், மீறுகிறவரைச் சிறைக்கு அனுப்பும் தனிச் சட்டமாக நாடாளுமன்றம் இந்தத் தடையை இயற்ற வேண்டும். கருத்தரிப்பு மையங்கள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்ட காலத்தில் இது தள்ளிப்போட முடியாத வேலை.

மரபு நோய்களைக் குறைக்க ஆய்வகமே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பிழை வந்திருந்தால், அது இரண்டு பிரதியாகப் பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தை விட்டாலும் சாதியை விடுவதில்லை. ஒவ்வொரு சாதியும் நூற்றாண்டுகளாகத் தனக்குள்ளேயே மணந்ததால், அதனதன் சில பிழைகள் அதனதனுக்குள் அடர்ந்துவிட்டன என்று தங்கராஜும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2017-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் விரும்பி வெளியே மணம் செய்தால், கோடி ரூபாய்ச் சிகிச்சை செய்யப் பார்க்கிற வேலையில் ஒரு பகுதி செலவில்லாமல் நடக்கும். அந்தத் தம்பதிகளை வெட்டாமல் இருந்தால் போதும்.

இந்த ஊருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அங்கே வாரத்தில் ஒரு நாளாவது மரபு நோய் ஆலோசனைக்கென்று ஒரு புறநோயாளிப் பிரிவு வேண்டும். திருமணத்துக்கு முன் தலசீமியா என்ற மரபு ரத்த நோய்க்கான எளிய ரத்தப் பரிசோதனை, ஹீமோபிலியா உள்ள பையனின் சகோதரிகளுக்குச் சோதனை, ஒரு தாய்க்கு எக்ஸ், ஒய் வரைந்து காட்ட ஒரு ஆள், அவள் மாமியாரையும் உட்கார வைத்துப் பேச ஒரு அறை. வேலூர் சிகிச்சை அடுத்த கட்டத்துக்குப் போகும்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பெயரும் பட்டியலில் இருக்க, முதலில் அவர்கள் யார் யார் என்று பதிவு செய்தாக வேண்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை மேல் இருக்கும். படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் என்னிடம் வந்து பேசுங்கள். கடைசி பஸ் வரை இங்கேதான் இருப்பேன்.